கடல் தாண்டிப் போகும் பள்ளிக் குப்பை

பாயான் பாருவில் உள்ள ஒரு பள்ளியில், ஓய்வு நேரத்தில் மாணவர் ஒருவர் குடித்துவிட்டுத் தொட்டியில் போடும் பானப் பை எங்கே போகிறது? முதலில் லோரி ஏறி பத்து மாவோங்கிற்குப் போகிறது. அங்குள்ள குப்பை மாற்று நிலையத்தில் தீவின் மற்றக் குப்பைகளோடு சேர்கிறது. பிறகு சரக்குப் படகில் கடலைக் கடந்து, செபெராங் பிறை தெற்கில் உள்ள புலாவ் பூரோங் குப்பை நிலத்தில் கொட்டப்படுகிறது. பெயருக்குப் பறவைத் தீவு. நம் தீவில் வேண்டாம் என்று நாம் கைவிட்ட அனைத்தும் போய்ச் சேரும் இடம் அதுதான்.

நான் பாயான் பாருவில் மாலை வேளைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து பள்ளிகளிலிருந்து வருகிறார்கள். "உங்கள் பள்ளிக் குப்பை எங்கே போகிறது?" என்று ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்பிடம் கேட்பது என் வழக்கம். "லோரியில் போகும் சார்" என்பது எப்போதும் வரும் பதில். லோரி எங்கே போகும் என்று கேட்டால் அமைதி. வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டவர்கள் "ஜெலுத்தோங்" என்பார்கள். ஒரு காலத்தில் அது சரியான பதில்தான். பத்து மாவோங் இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம். இரண்டாவது பாலத்தில் ஏறப்போகும் எவரும் அந்த வட்டாரத்தைக் கடந்துதான் போக வேண்டும். இருந்தும், தம் குப்பை அங்கிருந்து படகேறுகிறது என்பது எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகளுக்குத் தெரியாது. பசுமை இல்ல வாயுக்களின் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்வார்கள்.

2022 ஜனவரியில் அந்தப் புலாவ் பூரோங் குப்பை நிலம் தீப்பற்றிக்கொண்டது. குப்பை மேட்டில் பிடிக்கும் தீ வீட்டில் பிடிக்கும் தீயைப் போன்றதல்ல. மேலே தண்ணீர் அடித்து அணைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அழுகும் உணவிலிருந்து வரும் மீத்தேன் அதற்கு எரிபொருள். முழுமையாக அணைக்க வாரக்கணக்கில் ஆனது. புகையைச் சுவாசித்தவர்கள் அந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் வாழும் மக்கள், அவர்களின் பிள்ளைகள். எரிந்ததில் தீவிலிருந்து போன குப்பையும் உண்டு.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. துருவக் கரடியும் உருகும் பனிமலையும் முக்கியமானவைதான். ஆனால் ஒரு படிவம் இரண்டு மாணவன் துருவக் கரடிக்காக இன்று செய்யக்கூடியது மிகக் குறைவு. புலாவ் பூரோங் பக்கத்தில் வாழும் தன் வயதுப் பையனுக்காகச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

நம் பள்ளிகள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கூட்டுத் துப்புரவுப் பணி நடக்கிறது, சுவரொட்டிப் போட்டி நடக்கிறது, சபைகூடலில் உரை நடக்கிறது. நீலத் தொட்டி தாளுக்கு, பழுப்புத் தொட்டி கண்ணாடிக்கு, செம்மஞ்சள் தொட்டி அலுமினியத்திற்கும் நெகிழிக்கும் என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகூட ஒப்பிக்கும். எல்லாவற்றிலும் பிரபலமானது மறுபயனீட்டுப் போட்டி. எந்த வகுப்பு அதிகக் கிலோ பழைய தாளும் புட்டியும் கொண்டுவருகிறதோ அதற்குப் பரிசு.

இந்தக் கிலோ போட்டியோடுதான் எனக்குத் தகராறு. என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி சொன்னாள்: "சார், எங்க வகுப்பு ஜெயிக்கணும்னு அப்பா தெரிஞ்ச கடையில சொல்லி ஒரு கார் நிறைய அட்டைப்பெட்டி கொண்டு வந்தாரு." அந்த அட்டைப்பெட்டிகள் எப்படியும் பழைய பொருள் வாங்குபவரிடம் போயிருக்கும். பள்ளி வழியாகச் சுற்றிப் போனதால் மிச்சமானது எதுவுமில்லை, செலவானது பெட்ரோல். இன்னொரு மாணவன் கேட்டது அதைவிடக் கூர்மை: "நிறையக் குடிச்சாத்தானே சார் நிறைய பாட்டில் கிடைக்கும்?" விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் போட்டியின் கணக்கு அதைத்தான் சொல்கிறது. வீட்டிலிருந்து தண்ணீர்ப் புட்டி கொண்டுவரும் மாணவனின் பங்களிப்பு அங்கே பூஜ்யம். நாளுக்கு மூன்று புட்டி வாங்கிக் குடிப்பவன் வகுப்பின் நாயகன். குறைத்தல், மறுபடி பயன்படுத்துதல், மறுசுழற்சி என்ற வரிசையில் மறுசுழற்சி கடைசியில் நிற்பதற்குக் காரணம் உண்டு. பள்ளிகள் அதைத் தூக்கி முதலில் வைத்துவிட்டன. எடை போடுவது சுலபம், மேடையில் அறிவிப்பதும் சுலபம். வராத குப்பையை எந்தத் தராசில் நிறுப்பது?

குப்பையைக் கொண்டுவரச் சொல்வதே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. இந்தியாவின் அசாம் மாநிலத்தில், குவாஹாத்திக்கு அருகில் பாமோஹி என்ற ஊரில் 2016-இல் தொடங்கப்பட்ட அக்‌ஷர் பள்ளியில், மாணவர்கள் கட்டணமாக வாரத்திற்கு 25 நெகிழிப் பொருள்களைக் கொண்டுவந்து கொடுக்கும் முறை இருக்கிறது. அந்த ஊரில் குளிர்காலத்தில் வீடுகளில் நெகிழியை எரித்துக் குளிர்காய்வார்கள். அதன் நச்சுப்புகை வகுப்பறைக்குள்ளும் வந்தது. அதை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. அதாவது, கண்ணெதிரே ஒரு கேடு, அதை நேராகத் தடுக்கும் ஒரு செயல். ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு, முதல் பரிசு கிடையாது. நம் கிலோ போட்டியில் அந்த "எதற்காக" என்பது காணாமல் போய்விட்டது.

இனி சபைகூடல் உரைக்கு வருவோம். "நம் மாணவர்களில் பெரும்பாலோர் குப்பையை அங்கங்கே போடுகிறார்கள், வெட்கமாக இல்லையா?" என்று ஆசிரியர் மேடையில் கேட்பதை நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள். அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கியம் எதிர்மாறான வேலை செய்யக்கூடும் என்று காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று உண்டு. வருகிறவர்கள் துண்டு துண்டாக எடுத்துப் போய்விடுவார்கள். உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் இரண்டு வகை அறிவிப்புப் பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். "முன்பு வந்தவர்களில் பலர் மரத்துண்டுகளை எடுத்துச் சென்றதால் பூங்காவின் நிலை மாறிவிட்டது" என்ற பொருளில் ஒன்று. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்ற பொருளில் மற்றொன்று. பாதையில் அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் முதல் பலகையின்போது ஏறத்தாழ 8 விழுக்காடு திருடுபோயின. இரண்டாவதில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எல்லாரும் செய்கிறார்கள் என்று கேட்டதும், கண்டிப்பு மறந்துபோய் "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது.

அதே சியால்டினி குழு 1990-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வு இன்னும் எளிமையானது. கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியில் ஒரு துண்டறிக்கையைச் செருகி வைத்துவிட்டு, ஓட்டுநர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். தரை ஏற்கெனவே குப்பையாக இருந்தபோது 32 விழுக்காட்டினர் கீழே போட்டார்கள். தரை சுத்தமாக இருந்தபோது 14 விழுக்காட்டினர். மனிதர்கள் ஒரே வகைதான், தரைதான் வேறு. பள்ளியில் இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். சிற்றுண்டிச்சாலையின் ஒரு மூலையை ஓய்வுக்கு முன்பே கூட்டித் துடைத்து வையுங்கள், மறுமூலையை அப்படியே விடுங்கள். மணி அடித்த பிறகு போய்ப் பாருங்கள். இடைநிலைப்பள்ளி அறிவியல் கழகத்துக்கு இதைவிட மலிவான ஆய்வுத் திட்டம் கிடைக்காது.

இதிலிருந்து எனக்குப் புரிவது, ஒரு மாணவன் என்ன நினைக்கிறான் என்பதைவிட, அவன் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பவை அவன் நடத்தையை அதிகம் தீர்மானிக்கின்றன. பாடமாக வைத்தால் போதும் என்ற எண்ணமும் இதில் அடிபட்டுப் போகிறது. இந்தியாவில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-லேயே சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகள் படித்துத் தேர்வு எழுதி வருகிறார்கள். அங்குள்ள நதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாடம் எவ்வளவு தூரம் போனது என்று.

நமக்குப் பக்கத்திலேயே வேறொரு பாடம் இருக்கிறது. பினாங்கு மாநிலம் 2009-இல் வாரத்தில் ஒரு நாள் இலவச நெகிழிப்பை இல்லை என்று தொடங்கியது. 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் என்று ஆக்கியது. பை வேண்டுமென்றால் அப்போது 20 சென் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று இடைநிலைப்பள்ளியில் படிப்பவர்களுக்குப் பேரங்காடியில் சும்மா பை கொடுத்த காலம் நினைவில் இருக்க வாய்ப்பே இல்லை. அம்மா காரில் இரண்டு துணிப்பை வைத்திருப்பது அவர்களுக்குச் சாதாரணம். யாரும் அவர்களிடம் சொற்பொழிவு ஆற்றவில்லை. கேட்காமல் கிடைத்தது, கேட்டால்தான் கிடைக்கும் என்று மாறியது, அவ்வளவுதான். அதே குடும்பம் இரவுச் சந்தைக்குப் போனால் கதை வேறு. அங்கே கேட்காமலேயே பை வருகிறது. ஐந்து கடை ஏறி இறங்கினால் ஐந்து பை. குணம் மாறிவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது.

அப்படியானால் பள்ளியிலும் காசு வசூலித்தால் போதுமே என்று தோன்றும். குப்பை போட்டால் ஐம்பது சென் அபராதம் என்று சில வகுப்புகள் தமக்குள் விதித்துக்கொண்டதையும் கேள்விப்பட்டேன். இதில் கவனம் வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்கானது. முன்பு "ஆசிரியை காத்திருப்பாரே" என்று கூச்சப்பட்டவர்கள், இப்போது "அதற்குத்தான் காசு கொடுக்கிறேனே" என்று நிம்மதியாகிவிட்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. மறுபக்கம், அயர்லாந்து 2002-இல் ஒரு நெகிழிப்பைக்கு 15 சென்ட் வரி விதித்தபோது பயன்பாடு 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரிந்தவரை இதுதான்: பைக்கு மாற்று கையிலேயே இருந்தது, காசு அதை நினைவூட்டியது. காப்பகத்தில் காசு ஓர் உறவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு வகுப்பறையில் எது நடக்கும்? ஐம்பது சென்னைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடக்கும் மாணவனை நான் எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறது.

தமிழர்களுக்கு இந்த மாற்றுப் பை புதிதல்ல. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சப்பை பட்டிக்காட்டு அடையாளம் என்று கேலி செய்யப்பட்ட காலம் ஒன்று இருந்ததால், அந்த "மீண்டும்" என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. இங்கே நம் வீடுகளிலும் கல்யாணத் தாம்பூலப் பைகள் அலமாரியில் மடித்துக் கிடக்கின்றன, மணமக்கள் பெயரோடு. பள்ளிக்குக் கொண்டுபோக வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கத்தை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். பதினைந்து வயதில் அது பெரிய விஷயம். வகுப்பில் ஒருவர் கொண்டுவந்தால் கேலி, பத்துப் பேர் கொண்டுவந்தால் பாணி. ஆகவே தனியாகத் தொடங்காதீர்கள். நான்கு நண்பர்களாகச் சேர்ந்து ஒரே நாளில் தொடங்குங்கள்.

இப்போது சிற்றுண்டிச்சாலை. பள்ளியின் குப்பை பெரும்பாலும் பிறக்கும் இடம் இதுதான். என் மாணவர்களை ஒரு வாரம் ஒரு வேலை செய்யச் சொன்னேன்: பள்ளி வளாகத்தில் நீங்கள் தூக்கியெறிந்த ஒவ்வொரு பொருளையும் குறிப்பேட்டில் எழுதுங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம். அவர்களாகவே காட்டினார்கள், போட்டி போட்டுக்கொண்டு. எல்லாப் பட்டியலிலும் முதலிடம் ஈக்காட் தெப்பிக்குத்தான். ஓரத்தில் கயிறு கட்டிய அந்தப் பானப் பையை அறியாதவர் உண்டா! மெல்லிய பை, ஒரு ராஃபியா கயிறு, ஓர் உறிஞ்சுகுழல். குடித்து முடிக்க ஐந்து நிமிடம். உள்ளே மிஞ்சியிருக்கும் சர்க்கரைத் தண்ணீரோடு அது செம்மஞ்சள் தொட்டிக்குள் விழுந்தால், மறுசுழற்சிக்கு உதவாதது மட்டுமில்லை, பக்கத்தில் இருக்கும் நல்ல பொருளையும் நனைத்துக் கெடுக்கிறது. தாள் தொட்டியில் விழுந்தால் அத்தனை தாளும் வீண். பிரித்துப் போட்ட குப்பை கடைசியில் ஒரே லோரியில் போகிறது என்று மாணவர்கள் புகார் சொல்வதுண்டு. சில இடங்களில் அதற்குக் காரணம் இந்தச் சிரப்புதான்.

பினாங்கில் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்ற கொள்கை 2016 ஜூன் 1-இல் தொடங்கி, 2017 ஜூன் 1 முதல் நடவடிக்கையோடு அமலாக்கப்பட்டது. ஆகவே பிரிப்பது இந்தத் தலைமுறைக்குத் தெரிந்த வேலை. பள்ளியில் அது தடுக்கிவிழுவது வசதியின்மையால். மூன்று நிறத் தொட்டிகள் அலுவலகத்துக்கு முன்னால், வருகையாளர் கண்ணில் படும்படி நிற்கின்றன. குப்பை பிறக்கும் இடமோ சிற்றுண்டிச்சாலையின் பின்பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு திடல். ஓய்வு நேரம் இருபது நிமிடம். எந்த மாணவன் திடலைக் கடந்து போய்ப் புட்டியைப் போட்டுவிட்டு வருவான்? தொட்டியைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தால் பாதி வேலை முடிந்தது. பக்கத்தில் மிச்சப் பானத்தை ஊற்ற ஒரு வாளி வைத்தால் இன்னும் கொஞ்சம். ஜப்பானியப் பள்ளிகளில் மதிய உணவின் பால் பெட்டிகளைப் பிள்ளைகளே அலசி, விரித்து, காயவைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே பிள்ளைகள் நம்மைவிட நல்லவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. அலசத் தொட்டியும் காயவைக்க இடமும் அதற்கென நேரமும் பள்ளி கொடுத்திருக்கிறது.

அடுத்தது மிச்ச உணவு. 2012-இல் நம் நாட்டில் எடுக்கப்பட்ட அரசாங்க ஆய்வின்படி, வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுக் கழிவு. உணவு மண்ணில் மக்கினால் உரம். காற்றுப் புகாத குப்பை மேட்டுக்குள் அழுகினால் மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அதோடு, அழுகலிலிருந்து கசியும் கறுப்பு நீரை வடிகட்டிச் சுத்திகரிக்காவிட்டால் அது நிலத்திலும் நீரிலும் இறங்கும். எனவே படகேறும் குப்பையில் மிக ஆபத்தானது நெகிழி என்று நினைப்பது அரைகுறை உண்மை. நேற்றுத் தட்டில் விட்ட சோறும் அதில் பங்காளி.

பள்ளிகளில் உரக்குழி தொடங்குவதும் விடுமுறை முடிந்து வந்தால் அது புழுவும் நாற்றமுமாய்க் கிடப்பதும் பழகிப்போன காட்சி. எண்ணெய்க் குழம்பையும் கோழி எலும்பையும் கொட்டினால் எலி வரும், நாற்றம் வரும், பிறகு அதைத் திறக்கவே ஆள் வராது. பழத்தோல், காய்கறி நறுக்கல், தேயிலைச் சக்கை, காய்ந்த இலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் அதைச் சமாளிக்கலாம். ஈரம் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு, வாரம் ஒருமுறை கிளறல். விடுமுறையில் யார் கிளறுவது என்பதை விடுமுறைக்கு முன்பே எழுதி ஒட்ட வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உரம் தயாரிப்பதையும் இரசாயனமில்லாத காய்கறித் தோட்டத்தையும் பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்து வருகிறது, தமிழிலும். 1970 முதல் 2019 மே மாதம் காலமாகும் வரை அதன் தலைவராக இருந்தவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ். பூமியின் நண்பர்கள் என்று பொருள் கொள்ளத்தக்க சஹாபாட் அலாம் மலேசியா அமைப்பையும் வழிநடத்தியவர். பினாங்குத் தமிழ் மாணவர்கள் பலருக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

பல்கலைக்கழக மாணவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு நம் தீவிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. பாயான் பாருவிலிருந்து சற்றுத் தூரத்தில், மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் சேர்ந்து பாலிஸ்டிரின் உணவுப் பெட்டிகளுக்கு எதிராக ஓர் இயக்கம் நடத்தினார்கள். அந்தப் பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் "வெள்ளைச் சவப்பெட்டி". அப்படி ஒரு பெயரைக் கேட்ட பிறகு அதற்குள்ளிருக்கும் மீகோரெங்கை முன்புபோல் சாப்பிட முடியுமா? ஆனால் பெயரோடு அவர்கள் நிறுத்தவில்லை. வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து உணவு வாங்கும் பழக்கத்தைப் பரப்பினார்கள், நிர்வாகத்தோடு பேசினார்கள். வளாகத்தில் பாலிஸ்டிரினைக் கைவிடும் முடிவு பிறகு வந்தது. முதலில் மாணவர்கள், பின்னால் விதி. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேலிருந்து வந்த விதியாக இருந்திருந்தால் முதல் வேலையாக அதைச் சுற்றிப்போக வழி தேடியிருப்பார்கள்.

1994 முதல் உலகின் பல நாடுகளில் நடந்துவரும், நம் நாட்டில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மலேசியா அமைப்பின் பொறுப்பில் உள்ள சுற்றுச்சூழல் பள்ளித் திட்டமும் இதையே அடிப்படையாகக் கொண்டது. மாணவர்கள் இடம்பெறும் குழு ஒன்றை அமைப்பது முதல் படி. பள்ளி எவ்வளவு தண்ணீர், மின்சாரம் செலவழிக்கிறது, என்ன குப்பை போடுகிறது என்று அவர்களே கணக்கெடுப்பது அடுத்த படி. சுவரொட்டியும் விழாவும் அதற்குப் பிறகுதான். நம்மூரில் விழா முதலில் வந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் தினக் கொண்டாட்டத்தில் பலூன் வளைவு கட்டி, விருந்தினர்களுக்கு நெகிழிப் புட்டியில் தண்ணீர் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும் மாணவர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் மேடையில் பேசப்படுவது அல்ல.

புறப்பாட மதிப்பெண்ணுக்காகக் கழகத்தில் சேருகிறார்களே என்று சில ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள். பல்கலைக்கழக நுழைவில் அதற்கு 10 விழுக்காடு இருக்கும்போது பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? எதற்காகச் சேர்ந்தார்கள் என்பதை நான் பார்ப்பதில்லை. சேர்ந்த பிறகு கையில் என்ன வேலை கொடுத்தோம் என்பதைப் பார்க்கிறேன். கூட்டக் குறிப்பு எழுதுவதும் படம் எடுப்பதுமாக ஓராண்டு போனால், மதிப்பெண் மட்டும்தான் மிஞ்சும்.

வீட்டைப் பற்றியும் ஒன்று. "நான் சொன்னா அப்பா கேட்கவா போறாரு?" என்று மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. வட கரோலினாவின் கடலோரப் பகுதியில், பருவநிலை மாற்றத்தை உள்ளூர்ச் செயல்பாடுகள் வழியாகப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் அதைப் பற்றிய அக்கறை கூடியது. பழமைவாத அரசியல் சார்புள்ள பெற்றோரிடமும் மாற்றம் தெரிந்தது. மகள்களின் தாக்கம் மகன்களைவிட அதிகம். நம் வீடுகளில் மகள் சொல்லி அப்பா சிகரெட்டை விட்ட கதைகளைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

என் வகுப்பில் அந்தக் குறிப்பேட்டுப் பட்டியலோடு விஷயம் நிற்கவில்லை. ஒரே பள்ளியில் படிக்கும் ஐந்து பேர் சேர்ந்து, ஈக்காட் தெப்பிக்குப் பதில் கழுவும் குவளை வைக்க முடியுமா என்று சிற்றுண்டிச்சாலை நடத்தும் மக்சிக்கிடம் போய்க் கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "குவளை நான் வாங்குகிறேன். கழுவ ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? தொலைந்துபோகும் குவளைக்கு யார் பொறுப்பு?" என்று மலாயில் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. குத்தகைக் கட்டணம், உயர்ந்துகொண்டே போகும் சீனி, எண்ணெய் விலை, ஏற்ற முடியாத உணவு விலை என்று அவருடைய கணக்கு மிக நெருக்கமானது. பசுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கணக்கை அவர் தலையில் கட்டிவிட்டு வந்துவிடுவது வழக்கம்.

மாணவர்கள் பதில் இல்லாமல்தான் திரும்பி வந்தார்கள். பிறகு இரண்டு வழி யோசித்திருக்கிறார்கள். சொந்தப் புட்டியில் பானம் வாங்குபவருக்குப் பத்து சென் குறைத்துக் கொடுக்க முடியுமா என்பது ஒன்று. பை, கயிறு, உறிஞ்சுகுழல் மூன்றுக்கும் ஆகும் செலவு மிச்சமாவதால் அவருக்கு நட்டம் வராது என்பது அவர்களின் வாதம். அந்த மூன்றின் விலையை மொத்த விற்பனைக் கடையில் போய் விசாரித்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கழுவும் முறையை வகுப்புவாரியாகப் பிரித்துக்கொள்ள முடியுமா என்பது மற்றொன்று. இதற்கு ஐவரில் இருவர் இன்னும் சம்மதிக்கவில்லை. "ஓய்வு நேரமே இருபது நிமிஷம், அதுல கப் கழுவவா?" என்கிறார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். அடுத்த வாரம் விலைப்பட்டியலோடு மக்சிக்கை மறுபடி பார்க்கப் போகிறார்கள்.